நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு திரை

பள்ளிக்கு ஒரு புதிய கருவி வரும்போது அதன் விலையும் எண்ணிக்கையும் வழங்கப்பட்ட நாளும் செய்தியாகின்றன. அது வந்த பிறகு ஒரு பாடவேளை எப்படி மாறியது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. இந்தியாவில் இந்தப் பழக்கத்துக்கு வயது ஐம்பது. 1975 ஆகஸ்ட் 1 தொடங்கி ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பினோம். காலை வேளை பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. உலகமே வியந்து பார்த்த முயற்சி அது. இரவல் காலம் முடிந்ததும் செயற்கைக்கோளை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொண்டது. 1984-இல் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் சில நூறு பள்ளிகளுக்கு வந்தன. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் விண்ணில் ஏவப்பட்டது. ஒவ்வொரு முறையும் பொருள் முதலில் வந்தது, பயிற்சி பின்னால் வந்தது, பராமரிப்பு பல இடங்களில் வரவே இல்லை. பூட்டிய அறையில் உறை போர்த்திய கணினியைப் பார்க்காத ஆசிரியர் நம் ஊரில் குறைவு.

கருவிகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நன்றாகப் பயன்பட்ட இடங்களும் உண்டு. அவை ஏன் பயன்பட்டன என்பதற்கு இன்று நம்பகமான ஆய்வுகளும் உண்டு. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டி, அதைச் சரிசெய்ய அவருக்கு நேரத்தையும் தருகிற கருவி பலன் தருகிறது. ஆசிரியரின் நேரத்தை எடுத்துக்கொள்கிற கருவி, அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வகுப்பைக் கெடுக்கிறது.

முதலில் தோல்வியைப் பார்ப்போம். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்துவிட்டால் கற்றல் தானாக நடக்கும் என்ற கனவை நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005-இல் உலக மேடையில் வைத்தார். அதைப் பெரிய அளவில் செயல்படுத்திய நாடு பெரு. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை அந்நாடு வாங்கியது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் கணினி வந்துவிட்டது, பிள்ளைகள் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பாடத்தோடு கணினியை இணைக்க ஆசிரியர்களுக்கு வழி காட்டப்படவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் இல்லை.

தமிழ்நாட்டில் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினியை இதே தராசில் வைத்து எடைபோடுவது சரியல்ல என்பது என் எண்ணம். வீட்டில் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது கல்லூரியிலும் வேலையிலும் கைகொடுத்தது. அது ஒரு சமூகநீதித் திட்டம். வகுப்பறைக் கற்பித்தலை மாற்றும் திட்டமாக அது வகுக்கப்படவில்லை. அப்படி மாற்றவும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு தரப்பு அதை வீண் என்கிறது, இன்னொரு தரப்பு கல்விப் புரட்சி என்கிறது.

அடுத்து குஜராத். அங்கே நடந்த இரண்டு ஆய்வுகளை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது வடோதராவில் நடந்தது. மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு தலா நான்கு கணினிகள் கொடுத்திருந்தது. பல சும்மா கிடந்தன. பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு அவற்றில் கணக்கு விளையாட்டுகளை ஏற்றி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். அதில் ஒரு மணி நேரம் பள்ளி வேளையில், இன்னொன்று பள்ளி தொடங்கும் முன்போ முடிந்த பின்போ. பிள்ளையின் விடைக்கு ஏற்ப விளையாட்டு எளிதாகும் அல்லது கடினமாகும். இரண்டே ஆண்டில் கணக்கில் கிடைத்த முன்னேற்றம் பெரியது. ஆனால் திட்டம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் உள்ளிட்ட நால்வர் 2007-இல் வெளியிட்ட அந்தக் கட்டுரையில் இரண்டு செய்திகளும் அருகருகே இருக்கின்றன. கருவி வேலை செய்யும். தொடர்ந்து கொடுத்தால்தான் வேலை செய்யும்.

இரண்டாவது ஆய்வு அந்த நால்வரில் ஒருவரான லீ லிண்டன் செய்தது. ஞானசாலை என்ற அமைப்பு நடத்திய பள்ளிகளில் ஒரே கணக்கு மென்பொருள் இரண்டு விதமாகப் பயன்படுத்தப்பட்டது. ஓரிடத்தில் பள்ளி வேளையில், ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு. இன்னோரிடத்தில் பள்ளி முடிந்த பிறகு, கூடுதல் பயிற்சியாக. பள்ளி முடிந்த பிறகு பயன்படுத்திய பிள்ளைகள் முன்னேறினார்கள், அதிலும் பின்தங்கியிருந்தவர்கள் அதிகமாக. ஆசிரியரின் நேரத்தில் கணினி முன் உட்கார்ந்தவர்களோ கணினியே பார்க்காத பிள்ளைகளைவிடப் பின்னால் போனார்கள். மென்பொருளில் எந்த மாற்றமும் இல்லை. ஞானசாலை ஆசிரியர்கள் ஏற்கெனவே நன்றாகக் கற்பித்துவந்தார்கள். அந்த நல்ல நேரத்தைக் கணினி அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு பள்ளியில் திரை பயன்படுமா என்று கேட்பவர், அந்தத் திரை எதன் இடத்தில் வந்து உட்காரப்போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, டெல்லி. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கானிமியன் ஆகிய மூவரின் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் மாலையில் ஒரு மையத்துக்கு வருவார்கள். முதல் 45 நிமிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள், அடுத்த 45 நிமிடம் ஓர் உதவியாளர் நடத்தும் சிறுகுழு வகுப்பு. நாலரை மாதத்தில் கணக்கில் கிடைத்த முன்னேற்றம், நூறு பேரில் ஐம்பதாம் இடத்திலிருந்த பிள்ளை ஏறக்குறைய முப்பத்தாறாம் இடத்துக்கு வருவதற்குச் சமம். இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அதைவிட முக்கியம், அந்த மென்பொருள் வெளிச்சம் போட்டுக் காட்டிய உண்மை: ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் நிலைகள் ஐந்தாறு வகுப்புகளுக்குப் பரவிக் கிடந்தன. ஆறாம் வகுப்புப் பாடநூலைப் பிடித்துக்கொண்டு நடத்துகிற ஆசிரியர், எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அந்த அறையில் ஒரு சிலரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதைத் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 ஜூன் மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது இதே காரணத்துக்காகத்தான். அங்கே பாட்டும் அட்டையும் பொம்மலாட்டமும் முன்னால் நின்றன. மதிப்பீட்டுக்குச் செயலி பின்னால் நின்றது. அந்த வரிசை சரியானது. குறை எங்கே என்றால், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் பத்திரிகை படிக்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும் அந்த மூன்று வகுப்புகளுக்குத்தான் நிலைக்கேற்பப் பயிற்சி தரும் மென்பொருள் எல்லாவற்றையும்விடத் தேவை.

ஆசிரியரே இல்லாமல் கணினி மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஒரு தமிழ்க் கிராமம் விடை தந்திருக்கிறது. டெல்லி கல்காஜியில் 1999-இல் சுவரில் ஓட்டை போட்டுக் கணினியைப் பொருத்திய சுகதா மித்ரா, பின்னாளில் காளிக்குப்பம் என்ற ஊரில் ஒரு சோதனை நடத்தினார். பத்து முதல் பதினான்கு வயதுத் தமிழ்ப் பிள்ளைகளிடம் மூலக்கூறு உயிரியல் பாடங்களை ஆங்கிலத்திலேயே கணினியில் வைத்துவிட்டுப் போனார். கற்பிக்க யாரும் இல்லை. பிள்ளைகள் தாங்களே மோதிப் பார்த்து அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணை எட்டினார்கள். அதற்கு மேல் போகவில்லை. பிறகு பிள்ளைகளுக்குப் பழக்கமான, உயிரியல் அறியாத ஒருவர் அவர்களோடு சேர்ந்தார். அவர் செய்தது விசாரிப்பதும் பாராட்டுவதும்தான். அதன்பின் வசதியான நகரத் தனியார் பள்ளி மாணவர்களுக்கு இணையாக வந்துவிட்டார்கள். 2010-இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே எல்லைகள் என்ற சொல் இருக்கிறது. கணினியால் ஆசிரியர் தேவையற்றவராவார் என்பதற்கு மித்ராவைச் சான்று காட்டுவோர் காளிக்குப்பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி நம் கையில் இருப்பவை. 2018-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. பாடத்துக்குரிய காணொளியை தீக்ஷா தளத்தில் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனப்படும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களுக்குத் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழியிலும் அசைவூட்டக் காணொளிகள் அதில் உண்டு. அதன் பின் 22,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளித் திறன் வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளும். இந்தியாவில் இவ்வளவு வளம் வைத்திருக்கும் மாநிலங்கள் சிலவே. பற்றாக்குறை என்ற பேச்சுக்கு இனி அதிகம் இடமில்லை. எந்தப் பாடத்தில், எந்த நிமிடத்தில் எடுப்பது என்பதுதான் மிச்சம்.

கரும்பலகையில் காட்ட முடியாததைக் காட்டுவதற்குத் திரை வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வடிவியலை எடுத்துக்கொள்வோம். ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், மீதிப் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு. சாக்பீஸில் ஒரு படம் போட்டால் அது ஒரே ஒரு வட்டத்தின், ஒரே ஒரு புள்ளியின் உண்மை. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் அந்தப் புள்ளியைப் பரிதி வழியே இழுத்துக்கொண்டே போகலாம். கோணம் அசையாமல் நிற்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். புள்ளி வில்லின் மறுபக்கம் தாண்டியதும் கோணம் சட்டென்று மாறும். ஏன் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்ததும் திரையை அணைத்துவிட்டு நிரூபணத்துக்குப் போவதுதான் நல்ல பாடம். நம் கணக்குப் புத்தகங்களிலேயே இணையச் செயல்பாடு என்ற பகுதியில் ஜியோஜீப்ரா இணைப்பும் படிநிலைகளும் இருக்கின்றன. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அதிகம் தாண்டிப் போகிற பக்கமும் அதுவாகத்தான் இருக்கும். அறிவியலில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள் இப்படிப்பட்டவை. பல தமிழிலும் கிடைக்கின்றன, தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். வாயு மூலக்கூறுகள் சூடேறும்போது எப்படி மோதுகின்றன என்பதை வேறெப்படிக் காட்டுவது?

ஆனால் பூவின் பாகங்களுக்குக் காணொளி எதற்கு? பள்ளி வேலியோரம் செம்பருத்தி இருக்கிறது. ஆளுக்கொரு பூவைக் கையில் வாங்கி, அல்லி வட்டத்தை விரித்து, மகரந்தத்தை விரல் நுனியில் ஒட்டவைத்துப் பார்க்கிற பிள்ளை பெறுவதில் பாதியைக்கூட எந்த அசைவூட்டப் படமும் தராது. பேட்டரியும் பல்பும் கம்பியும் கிடைக்கும் பள்ளியில் தொடரிணைப்பு மின்சுற்றை முதலில் கையால் செய்ய வேண்டும். திரை அதற்குப் பின்னால். பொருள் கைக்கு எட்டுமென்றால் படம் வேண்டாம் என்பதை நான் விதியாகவே சொல்வேன்.

காணொளி ஓடவிடுவது கற்பித்தல் ஆகிவிடாது. ஐந்து நிமிடக் காணொளியை மூன்று இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டு, பிள்ளைகள் நோட்டில் ஊகத்தை எழுதிய பின் ஓடவிட்டால் பாடவேளை முழுவதும் வகுப்பு விழித்திருக்கும். இதோடு சேர்த்து, எளிதான ஒரு கருவியைக் குறிப்பிட வேண்டும். பிளிக்கர்ஸ் என்ற செயலியில் பிள்ளைகள் கையில் இருப்பது காகித அட்டை மட்டும். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்கள் என்பதே விடை. ஆசிரியர் தன் ஃபோன் கேமராவால் வகுப்பை ஒருமுறை வலம் வந்தால், யார் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு ஃபோன், சில பத்து ரூபாய் செலவில் அட்டைகள். பின் பெஞ்சில் இதுவரை கை தூக்காத பிள்ளையின் பதிலும் கணக்கில் வருகிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991 முதல் செய்துவந்ததும் இதுதான்: ஒரு கேள்வி கேட்பது, விடைகளைத் திரட்டுவது, வகுப்பு பிளவுபட்டிருந்தால் பக்கத்திலிருப்பவரோடு வாதாட விடுவது, மறுபடி கேட்பது. லட்சக்கணக்கில் செலவாகும் தொடுதிரைப் பலகையைவிட இந்தக் காகித அட்டை ஓர் ஆசிரியருக்கு அதிகம் சொல்லும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கசப்பான பகுதி ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியரிடம் தொழில்நுட்பம் என்று சொன்னால் அவர் மனதில் முதலில் வருவது ஜியோஜீப்ரா அல்ல, எமிஸ் எனும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளம். வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள் வழங்கிய விவரம், மாணவர் விவரத் திருத்தம், மன்றச் செயல்பாடு, இணையவழித் தேர்வு என்று பதிவேற்ற வேண்டியவை பல. ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்துவருகின்றன. சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும்போது முதல் பாடவேளையின் பத்து நிமிடம் போய்விடுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பள்ளி சும்மா இருக்கிறது என்று பொருள். தரவு தேவைதான், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்பதைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. ஆனால் மேலே போகும் தரவில் எவ்வளவு கீழே, வகுப்புக்குத் திரும்பி வருகிறது? தேர்வு முடிவைப் பதிவேற்றிய ஆசிரியருக்கு அன்று மாலையே, இந்தப் பதினொரு பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை என்று ஒரு பட்டியல் வந்தால் அவர் அந்தச் செயலியை நேசிப்பார். வராதபோது அவருக்கு அது கண்காணிப்பு. அந்த மனக்கசப்பு நல்ல கருவிகள் மேலும் படிகிறது.

கொரோனா காலம் இதையெல்லாம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களும் தொடர்பு அறாமல் காத்தன. அந்த நாட்களில் ஆசிரியர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. ஆனாலும் அப்பாவின் ஒரே ஃபோன் அவரோடு வேலைக்குப் போய்விடும் வீடுகளில் அண்ணன் தம்பி மூவர் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். பெண் பிள்ளைக்கு முறை வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த காலத்தில் கணக்கிலும் மொழியிலும் பெரும் இழப்பு இருந்ததைக் காட்டியது. அடுத்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று அந்த ஆய்வு கணித்தது. தெருவில், கோயில் மண்டபத்தில், திண்ணையில் மாலை வேளையில் இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்த, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற, பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் செய்த வேலை அது. தன்னார்வலர்களைத் தெரிவு செய்யவும் வருகையைப் பதியவும் செயலி இருந்தது. பாடம் நேருக்கு நேர் நடந்தது.

பக்கத்து மாநிலமான கேரளத்தைக் கொஞ்சம் பொறாமையோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களைப் பிடித்தது. அவர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கியது. கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் உரிமக் கட்டணம் மிச்சமானது, தேவைக்கேற்ப மலையாளத்தில் மாற்றியமைத்துக்கொள்ளவும் முடிந்தது. 2017-இல் அதுவே கைட் என்ற நிறுவனமானது. அடுத்த ஆண்டு லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் அணி வந்தது. புரொஜெக்டர் நின்றுவிட்டால் முதலில் ஓடிவருவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைதான். 2020 ஜூன் 1-ஆம் தேதியே விக்டர்ஸ் அலைவரிசையில் பாடங்களை ஒளிபரப்ப அவர்களால் முடிந்தது இரண்டு பத்தாண்டு உழைப்பின் பலன். அவர்களுக்கும் குறைகள் உண்டு. ஆனால் பள்ளிக்குள்ளேயே பழுது பார்க்கத் தெரிந்த கைகளை வளர்த்தது நாம் கற்க வேண்டியது. நம் ஹைடெக் லேப்களில் ஒரு யு.பி.எஸ். பேட்டரி போனால் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த கணக்குச் சோதனை ஒன்று போதுமான எச்சரிக்கை. சாதாரண சாட்ஜிபிடி போன்ற உதவியோடு பயிற்சி செய்தவர்கள் அந்த நேரத்தில் 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது கிடைக்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் எழுதித் தந்த குறிப்புகளை மட்டும் கொடுக்கும்படி அமைத்த வகையில் அந்தத் தீமை பெரும்பாலும் மறைந்தது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இந்தக் கருவிகளில் உண்மையான வாய்ப்பு ஒன்று இருப்பதாக நினைக்கிறேன்: கூச்சமின்றி, எத்தனை முறை வேண்டுமானாலும், தன் மொழியில் கேள்வி கேட்கலாம். அதற்கு அந்தக் கருவி நம் பாடநூலின் கலைச்சொற்களில் பேச வேண்டும், தப்பில்லாமல் பேச வேண்டும். அதுவரை அதை ஆசிரியர் வினாத்தாள் தயாரிக்கவும், ஒரே பத்தியை மூன்று நிலைகளில் எழுதிக்கொள்ளவும் பயன்படுத்துவது பாதுகாப்பானது. வீட்டுப்பாடத்தை அதனிடம் ஒப்படைக்கும் பிள்ளையிடம் மறுநாள் கரும்பலகையில் அதே கணக்கைப் போடச் சொன்னால் போதும், தண்டனை வேண்டாம்.

யுனெஸ்கோவின் 2023 அறிக்கை, கல்வித் தொழில்நுட்பத்தின் பலனுக்குப் பாரபட்சமற்ற சான்று குறைவு என்றது. அதே ஆண்டில் ஸ்வீடன் அச்சுப் புத்தகங்களை வாங்கப் பள்ளிகளுக்குத் தனி நிதி ஒதுக்கியது. பள்ளிகளைத் திரைகளால் நமக்கு முன்பே நிறைத்துவிட்ட நாடு அது. நாம் வாங்கும் நிலையில் இருக்கிறோம் என்பதால் இன்னும் தேர்ந்தெடுக்க முடியும்.

தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கேட்பது இவை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, வாரத்தில் மூன்று முறை, பள்ளி முடிந்த பின்னோ நூலகப் பாடவேளையிலோ, நிலைக்கேற்பக் கணக்கும் வாசிப்பும் தரும் தமிழ் மென்பொருள். கூடவே ஓர் ஆள். ஹைடெக் லேப் இருக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் அதைத் திறந்து வைக்கவும் பழுது பார்க்கவும் பொறுப்புள்ள ஒருவர். எமிஸ் வேலைக்கு ஆசிரியரல்லாத பணியாளர். ஒப்பந்தத்தில் கருவியின் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பும் பேட்டரி மாற்றும் செலவும். ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இப்போது திரையில் ஓடும் விளக்கப்படங்களைக் குறைத்துவிட்டு, அருகிலுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவர் உண்மையான பிள்ளைகளோடு ஒரு பாடவேளையை நடத்திக் காட்டட்டும்; எந்த இடத்தில் திரையை எடுத்தார், எந்த இடத்தில் அணைத்தார் என்று மற்றவர்கள் விவாதிக்கட்டும். இதற்குப் புதிய அரசாணைகூடத் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.